கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு எங்கள் வகுப்பறை

வகுப்பில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை ஒருவர் இருக்கும்போது கொரோனா கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டால் ஆசிரியர் என்னதான் செய்ய முடியும்? எனக்கு அந்த நிலை வந்தது. அதில் உதவியதையெல்லாம் எழுதுகிறேன்.

என் மாணவி ஒருத்திக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தினமும் சாப்பிட வேண்டும். அதனால் தடுப்பூசி போட்டாலும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அளவு பாதுகாப்பு அவளுக்குக் கிடைக்காது. மாஸ்க் கட்டாயமில்லை என்று சுற்றறிக்கை வந்ததும் நிர்வாகம் சொன்ன முதல் யோசனை, அவள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கட்டும் என்பது. எனக்கு அது சரியாகப் படவில்லை. எல்லோருக்கும் பள்ளி திறந்திருக்கும்போது அவளுக்கு மட்டும் ஏன் மூட வேண்டும்?

அவள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அவளை மட்டும் தனியா உட்கார வச்சிட மாட்டீங்களே சார்?" எங்கள் திட்டம் முழுக்க அந்தக் கேள்வியிலிருந்துதான் வளர்ந்தது. மாற்ற வேண்டியது அறையை, அவளை அல்ல.

முதலில் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கச் சொன்னோம். "கவனமாக இருக்கவும்" என்ற பொதுவான கடிதம் எதற்கும் உதவாது. பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக இருக்க வேண்டும். வகுப்பில் யாருக்காவது தொற்று வந்தால் அன்றே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்பது அதில் முக்கியமான வரி. காரணம் உண்டு. கொரோனாவுக்குக் கொடுக்கும் பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கிய 5 நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்க உறுப்பு மாற்றம் செய்தவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை அது இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். எந்த மருந்தைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்க மருத்துவருக்கு நேரம் வேண்டும். யாருக்குத் தொற்று என்று பெயர் சொல்லத் தேவையில்லை, "வகுப்பில் ஒருவருக்கு" என்றாலே போதும் என்று எழுதிவைத்த பிறகுதான் அலுவலகம் சம்மதித்தது.

அப்புறம் காற்று. நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான், அதிகப் பலன் கிடைத்ததும் இதில்தான். நாம் விடும் மூச்சு அறையில் எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும் கையடக்கமான கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்றை வாங்கி, ஜன்னலிலிருந்து தள்ளி, யாருடைய மூச்சும் நேராகப் படாத இடத்தில் வைத்தேன். வெளிக்காற்றில் அந்த வாயு ஏறக்குறைய 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) இருக்கும். கதவை மூடி ஏசி போட்டு நடத்திய பாடவேளையின் முடிவில் மீட்டர் 2,200 காட்டியது. நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 40,000 பிபிஎம் இருக்கும். கணக்குப் போட்டால், அந்த அறையில் உள்ளிழுத்த காற்றில் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு ஏற்கெனவே யாரோ விட்ட மூச்சு! சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கும் காற்றையே குளிர்விக்கிறது. இதை நிர்வாகக் கூட்டத்தில் விளக்கி, மீட்டரையும் மேசைமேல் வைத்தேன். அதுவரை நான் பேசிய பேச்சுக்கெல்லாம் கிடைக்காத கவனம் அந்த எண்ணுக்குக் கிடைத்தது.

எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள ஜன்னல்களைச் சிறிதளவு திறந்து வைத்தாலே அளவு 1,000க்குக் கீழே இறங்கியது. 800க்குள் வைத்திருப்பதுதான் எங்கள் இலக்கு. ஜன்னலைத் திறக்க முடியாத நாட்களுக்கு மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையர். மணிக்கு 5 முறையாவது அறைக் காற்று மாறுவது அல்லது வடிகட்டப்படுவது நல்லது என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2023இல் சொன்னது. எங்கள் அறை 8 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம்: 168 கனமீட்டர். அப்படியென்றால் மணிக்கு 840 கனமீட்டர் காற்றை வடிகட்ட வேண்டும். ஒரே பெரிய கருவியின் இரைச்சலில் பாடம் கேட்காது என்பதால் இரண்டு கருவிகளை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டோம். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஃபில்டர் கிருமியைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. பியூரிஃபையர் ஓடும்போதும் மீட்டர் உயர்ந்தே காட்டலாம், பயப்பட வேண்டாம்.

மாஸ்க் விஷயத்தில் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அவள் முகத்தோடு நன்றாகப் பொருந்தும் என்95 அணிந்தாள். நானும் அணிந்தேன், அவள் மட்டும் வித்தியாசமாகத் தெரியக்கூடாது என்பதற்காக. சில பிள்ளைகள் தாங்களாகவே சேர்ந்துகொண்டார்கள்.

கடைசியாக, முழு வருகைக்குக் கொடுக்கும் பரிசு. காய்ச்சலோடும் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதற்கு அந்தப் பரிசும் ஒரு காரணம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை நிறுத்தச் சொன்னபோதுதான் அதிக எதிர்ப்பு. ஒழுங்கு கெட்டுவிடும் என்றார்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருந்த சக ஆசிரியை எழுந்து, "காய்ச்சலோட வர்ற ஒரு பிள்ளையால நான் மாசக்கணக்குல ஆஸ்பத்திரில கிடக்கணும்" என்றார். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. பரிசு நின்றது. உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுப்பவர்களுக்குப் பாடக்குறிப்பை அன்று மாலையே அனுப்புவது வழக்கமானது.

அந்த மாணவி இப்போது அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். மீட்டரும் இரண்டு பியூரிஃபையர்களும் அவளோடு அந்த அறைக்கு மாறின. தேர்வுக் கூடத்துக்கும் இதே ஏற்பாடு வேண்டும் என்று நானும் அந்த ஆசிரியையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.