கொசஸ்தலைக் கரையில் கிடைத்த கல்

எழும்பூர் மியூசியத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் செத்த காலேஜ் என்றுதான் சொல்வார்கள். போன கோடை லீவில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கத்திவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். 1851இல் தொடங்கிய இடம். ஒரே நாளில் முடிக்க நினைக்கவே கூடாது. அமராவதிச் சிற்பங்கள், திமிங்கல எலும்புக்கூடு எல்லாம் பார்த்தோம். திருவாலங்காட்டு நடராஜரிடம், தூக்கிய காலைவிட முயலகன்மேல் ஊன்றிய காலைத்தான் நான் வெகுநேரம் பார்த்தேன். உடம்பின் முழு பாரமும் அதில் தெரிகிறது.

ஆனால் நான் எழுத வந்தது கற்களைப் பற்றி. பழைய கற்காலக் கருவிகள் இருக்கும் பக்கம் கூட்டம் நிற்பதே இல்லை.

"மாமா, இது தண்டவாளத்துல கெடக்குற ஜல்லி மாதிரிதானே இருக்கு?" என்றாள்.

சரி, உட்காரு என்று சொல்ல ஆரம்பித்தேன். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்தார். இயற்கையாக உடைந்ததல்ல, மனிதன் செதுக்கிய கருவி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதே வருடம் திருவள்ளூர்ப் பக்கம் அதிரம்பாக்கத்திலும் கண்டுபிடித்தார். அவர் சேர்த்த கற்களைப் பிற்பாடு இந்த மியூசியம் வாங்கியது. கைக்கோடாரியை நன்றாகப் பாருங்கள். இன்னொரு கல்லால் இரண்டு பக்கமும் தட்டித் தட்டிச் சில்லு எடுத்திருக்கிறார்கள். நுனி கூர்மை, அடிப்பக்கம் உள்ளங்கையில் அடங்கும் பருமன். எந்த இடத்தில் தட்டினால் எப்படி உடையும் என்று தெரிந்த கை அது. அதிரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டி, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியிட்டார்கள்.

அதிரம்பாக்கம் கொசஸ்தலை ஆற்றுப்படுகையில் இருக்கிறது. அந்த ஆறுதான் பூண்டி, வல்லூர் வழியாக வந்து எங்கள் எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் சேர்கிறது. இதைச் சொன்னதும் அவள் எழுந்து மறுபடியும் கண்ணாடிக்கிட்ட போனாள். "நம்ம தாத்தா இறால் புடிச்ச ஆறா?"

அதே ஆறுதான். கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் எடுத்து, வாயில் கவ்விய பறிக்கூடையில் போடுவார் அப்பா. இன்று அந்தச் சேற்றில் கையை விட்டால் அனல்மின் நிலையச் சாம்பல்தான் வருகிறது. எண்ணூர் என்றால் புகைபோக்கியும் கன்டெய்னர் லாரியும் மட்டும்தான் என்று நினைக்கிற எல்லோரையும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்போல் இருந்தது. மனிதர்கள் இவ்வளவு காலம் நம்பிப் பிழைத்த ஆற்றைக் குப்பைக்கிடங்காக நினைக்க யாருக்கும் உரிமை இல்லை.

பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம், அதாவது தோண்டியெடுத்த பொருள்களை வைக்கும் மியூசியம், ஒன்று இருக்கிறது. அடுத்து அங்கேதான் போக வேண்டும் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். திருவள்ளூர் போய் அங்கிருந்து பஸ். எழும்பூருக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்றைக்கு விடுமுறை.