தீட்டாவும் ஐந்தாம் மாடியும்

ஜனவரி 6, செவ்வாய்
ஆஸ்பத்திரியில் அப்பாவை ஐந்தாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே ஒரு பாஸ், அது அம்மாவிடம். நானும் தம்பியும் கீழே மரத்தடித் திண்டில் முக்கோணவியல். கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்றால் உச்சியின் ஏற்றக்கோணம், அதான் தீட்டா, 30 பாகை, உயரம் என்ன? சூத்திரமெல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறான். உதவிப்படம் போடச் சொன்னால் மட்டும் பென்சிலைக் கடிக்கிறான். “சைனா, டேனாக்கா?” கணக்கில் கர்ணத்தை, அதான் செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கத்தை, பற்றிப் பேச்சே இல்லை, அப்புறம் சைன் எதற்குடா? உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் டேன், டேன் 30 என்பது ரூட் 3-இல் ஒரு பங்கு. 30-ஐ ரூட் 3-ஆல் வகுத்தால் 17.32 மீட்டர்.

ஜனவரி 7
ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 8, வியாழன்
பெரியப்பா ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்தார். பெரிய பக்கத்தில் எட்டில் ஒன்றைக் கழித்து, சின்னதில் பாதியைக் கூட்டினால் கர்ணமாம். வர்க்கமூலமே வேண்டாமாம். 3, 4 போட்டால் 5. 5, 12 போட்டால் 13. தம்பிக்கு வாயெல்லாம் பல். 8, 15 போடச் சொன்னேன்: 17.125. வரவேண்டியது 17. இரண்டு பக்கமும் 8 என்றால் 11 வருகிறது, உண்மையில் 11.31. “ஓட்டுக்கூரைக்கு இது போதும்மா” என்றார். கூரைக்குப் போதும், திருப்புதல் தேர்வுக்குப் போதாது.
டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “எல்லாம் சரியாயிடும்” என்றார். இது ஒரு பதிலா?

ஜனவரி 10, சனி
பாகைமானியின் நடுப்புள்ளியில் நூல் கட்டி, நுனியில் வண்டிச் சாவி. அம்மாவுக்குப் போன் போட்டு ஜன்னலில் துண்டைத் தொங்கவிடச் சொன்னோம். நேர்விளிம்பு வழியாகத் துண்டைப் பார்த்தபடி தம்பி பின்னால் நகர்ந்தான். நூல் 45-இல் வந்து நின்றதும் நிறுத்தினேன். டேன் 45 ஒன்று, அதனால் சுவர் வரை உள்ள தூரம்தான் உயரம். காலால் அளந்ததில் 16 மீட்டர். “என் கண் உயரம் ஒன்றரை, அதையும் கூட்டணும்கா.” நான் சொல்லவே இல்லை! பதினேழரை மீட்டர் மேலே இருக்கிறார் அப்பா. காவலாளி வந்து என்ன செய்கிறீர்கள் என்றார். ஹோம்வொர்க்.

ஜனவரி 11
தூக்கமில்லை. முற்றொருமைகளை யார் கேட்டார்கள்? இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 13, செவ்வாய்
தொடுகோடு, 8 மதிப்பெண். ஆரம் 3 செ.மீ., புள்ளி மையத்திலிருந்து 5 செ.மீ. இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு, அந்தக் கோட்டையே விட்டமாக்கி இன்னொரு வட்டம். அரைவட்டத்துக்குள் கோணம் 90 என்பதால்தான் இந்த வித்தை பலிக்கிறது. நீளம் 4 வரவேண்டும். அளந்தால் 4.2. கவராயத்தின் திருகு லூஸ், தொடங்கிய இடத்தில் வட்டம் வந்து சேரவே மாட்டேன் என்கிறது. இன்னொரு தடவை போடு என்றால் முறைக்கிறான். பெரியப்பா மேலே போய் ஒரு மணி நேரம் ஆகிறது. நாளை போகி, கடை இருக்குமோ என்னவோ, இப்போதே ஒரு கவராயம்