உப்புப் போட்டால் தடிக்கும்

"தம்பி, உப்புப் போட்டுத் தடிப்பாக்கிறது ஆக்களை ஏமாத்திற வேலை இல்லையோ?"

பரலுக்குள் துடுப்பைச் சுழற்றிக்கொண்டே அக்கா கேட்டார். "இல்லையக்கா, பெரிய கொம்பனியளும் உப்புத்தான் போடுறவை" என்றேன். அடுத்த 100 மில்லி லீற்றர் உப்புத் தண்ணீரை அளக்கக் கை ஏற்கெனவே போயிருந்தது. அந்தப் பதிலில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. பாத்திரம் கழுவும் திரவம் செய்கிற எவரிடமும் கேட்கலாம், உப்புத்தான் மலிவான தடிப்பாக்கி. பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. அக்கா கேட்டது உப்பைப் பற்றித்தானா என்று இன்றைக்கும் எனக்கு ஐமிச்சம்.

சங்கத்துப் பெண்களுக்கு இந்தத் திரவம் செய்யப் பழக்கியவன் நான், அக்கா அவர்களில் ஒருவர். முதலில் கொடுத்த கணக்கைச் சொல்கிறேன். 100 லீற்றருக்கு 96 வீதச் சல்போனிக் அமிலம் 10 கிலோ, அதை நடுநிலையாக்கக் கோஸ்டிக் சோடா 1.2 கிலோ, எஸ்.எல்.ஈ.எஸ். பசை (கடையில் டெக்ஸபோன் என்று கேட்டால்தான் விளங்கும்) 5 கிலோ, தேங்காயெண்ணெயிலிருந்து வரும் சி.டி.ஈ.ஏ. 1.5 கிலோ, தண்ணீரிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போடும் ஈ.டி.ரி.ஏ. 120 கிராம், உப்பு 1.5 கிலோ. வாசம், நிறம், பழுதாகாமல் காக்கும் மருந்து கொஞ்சம். மிச்சமெல்லாம் தண்ணீர். இதில் எண்ணெயைக் கழற்றுகிற சரக்கு சல்போனிக்கும் டெக்ஸபோனும்தான். பசைக்குள் இருக்கும் தண்ணீரைக் கழித்தால் இரண்டும் சேர்ந்து 14 வீதத்துக்குக் கிட்ட வரும்.

கோஸ்டிக் கணக்கு 100 கிராம் சல்போனிக்குக்கு 12 கிராம். ஆனால் தராசை மட்டும் நம்ப முடியாது. மாரி காலத்தில் பையைத் திறந்து வைத்தால் கோஸ்டிக் செதில் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசிந்துவிடும். பிறகு நீங்கள் நிறுக்கிற 1.2 கிலோவில் ஒரு பங்கு தண்ணீர். ஆகவே கடைசி 100 கிராமைக் கரைத்துத் தனியே வைத்துக்கொண்டு, பீஎச் தாளைப் பார்த்துப் பார்த்து ஊற்றி 7க்கும் 8க்கும் இடையில் நிறுத்த வேண்டும். குறைந்தால் திரவம் புளிப்பாக நிற்கும், பாத்திரத்தின் இரும்பைத் தின்னும். 10ஐத் தாண்டினால் கை வழுவழுக்கும், நாலு நாளில் விரலிடுக்குகள் வெடிக்கும். தண்ணீருக்குள்தான் கோஸ்டிக்கைப் போட வேண்டும், கோஸ்டிக்குக்கு மேலே தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியச் சட்டியில் கரைக்கவே கூடாது. அது சட்டியை அரித்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும். சல்போனிக்கை இரும்பு வாளியில் விட்டால் திரவம் மண்ணிறமாகும். இவை எல்லாவற்றையும் நான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரம், மூன்று தரம் செய்து காட்டினேன். அதனால்தான் சொல்லாமல் விட்ட ஒன்று இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

உப்பு எப்படித் தடிப்பாக்குகிறது என்பதை அன்று நான் விளக்கவில்லை. தண்ணீருக்குள் சல்போனேற்று (நடுநிலையாக்கின சல்போனிக்) மூலக்கூறுகள் தனித்தனியே நிற்பதில்லை. எண்ணெய் விரும்பும் வால்களை உள்ளேயும் தண்ணீர் விரும்பும் தலைகளை வெளியேயும் வைத்துச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கூடும். மைசெல் என்பது இந்த உருண்டைதான். தலைகள் எல்லாம் மறை ஏற்றம் கொண்டவை, ஒன்றை ஒன்று தள்ளும். உப்பின் சோடியம் அந்தத் தள்ளுகையைத் தணிக்கும். தலைகள் நெருங்கி நெருங்கி உட்கார, உருண்டை நீண்டு மண்புழு மாதிரி ஆகும். ஆயிரமாயிரம் புழுக்கள் ஒன்றோடொன்று சிக்குப்படும்போது திரவம் தேன் போல இழுபடும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு உப்பைத் தொடர்ந்து போட்டால் என்ன நடக்கும் என்பதுதான் முக்கியம். ஓர் அளவுக்கு மேல் அந்தப் புழுக்கள் கிளைவிட்டு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும், சிக்கு இளகும். திரவம் திரும்பவும் நீர்க்கும். இன்னும் போட்டால் கலங்கும், பிறகு இரண்டு படையாகப் பிரியும். தடிப்பைக் கோடு போட்டுப் பார்த்தால் ஒரு மலை மாதிரி இருக்கும், ஏறி உச்சிக்குப் போய் மறுபக்கம் இறங்கும். நான் அக்காவுக்குக் காட்டியது ஏறுகிற பக்கத்தை மட்டும்.

செய்முறைத் தாளில் எழுதிக் கொடுத்த வசனம் இது: "நீர்த்தால் உப்புச் சேர்க்கவும்."

2022இல் இலங்கையில் டொலர் தட்டுப்பாடு வந்தபோது சல்போனிக்கின் விலை கைக்கு எட்டவில்லை. கடைக்காரரிடம் இருந்த நாளில் காசில்லை, காசிருந்த நாளில் சாமானில்லை. சங்கத்துப் பெண்கள் தொழிலைக் கைவிடுகிற நிலை. அப்போது கணக்கைக் குறைத்தது நான்தான். சல்போனிக் 6 கிலோ, கோஸ்டிக் 720 கிராம், டெக்ஸபோன் 3 கிலோ, சி.டி.ஈ.ஏ. 1 கிலோ. அழுக்கெடுக்கும் சரக்கு 14 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு வந்தது. சரக்குக் குறைந்தால் தடிப்பும் குறையும். அதை ஈடுகட்ட உப்பை 1.5 கிலோவிலிருந்து 2.5 கிலோவாகக் கூட்டினேன். போத்தலைச் சாய்த்துப் பார்த்தால் பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அக்காவின் கேள்வி வந்தது அந்த நாளில்தான்.

அதனால்தான் சொல்கிறேன், அவர் உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. போன மாதம் 10 கிலோ ஊற்றின பரலுக்குள் இந்த மாதம் 6 கிலோ ஊற்றுவதை அவர் கண்ணால் பார்த்தார். சந்தையில் போத்தலைத் தூக்கிச் சாய்த்து, மெதுவாக இறங்குகிறதா என்று பார்த்து வாங்குகிற சனத்தை என்னைவிட அவருக்குத் தெரியும். "தடிப்பா இருந்தாத்தான் வாங்குவினம்" என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சில நாள் நினைப்பேன். விலையையும் நாங்கள் குறைத்துத்தான் விற்றோம். 8 வீதம் என்பது வெறுந்தண்ணீர் இல்லை, மீன்குழம்புச் சட்டியையும் கழுவும், கொஞ்சம் கூட விட வேண்டும், அவ்வளவுதான். வேறு நாள் அந்த "கொஞ்சம் கூட விட வேண்டும்" என்பதே என்னைக் குத்தும். ஒரு தட்டில் 2 கிராம் தேங்காயெண்ணெய் பூசி, 4 லீற்றர் தண்ணீரில் 5 மில்லி லீற்றர் திரவம் விட்டு, நுரை சாகும் வரை எத்தனை தட்டுக் கழுவலாம் என்று எண்ணுகிற எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டையும் அப்படிப் பார்த்தேன். பழையது கழுவின தட்டுகளில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதோடு புதியது நின்றுவிட்டது. அந்தச் சோதனையை நான் செய்தது பிறகு, எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

நடந்தது இதுதான். 2.5 கிலோ என்ற உப்புக் கணக்கு மார்கழியில் பார்த்தது. மாரி மழையில் கிணறு நிரம்பித் தண்ணீரின் உவர் குறைந்திருந்த காலம். பூநகரிப் பக்கத்துக் கிணறுகள் எப்படியென்று இங்கே எல்லாருக்கும் தெரியும். மழைக்கு வாய்க்கு ஒத்துக்கொள்ளும், கோடை முற்ற முற்ற உவர்க்கும். புரட்டாதியில் குடிக்கப் பவுசர் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு. அக்காவும் அந்தக் கிணற்றில்தான் அள்ளினார். பிறகு நான் மீற்றர் வைத்துப் பார்த்தபோது லீற்றருக்கு 5 கிராம் அளவில் உப்பு காட்டியது. 84 லீற்றர் தண்ணீரில் 420 கிராம். தாளில் எழுதின உப்பைத் தொடமுன்னரே பரலுக்குள் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு இருந்திருக்கிறது. அதிலும் சோடியம் மட்டுமில்லை, கல்சியமும் மக்னீசியமும் உண்டு. அவை சோடியத்தைவிடப் பல மடங்கு வேலை செய்யும், சல்போனேற்றோடு சேர்ந்து வெள்ளைக் கலங்கலையும் கொடுக்கும்.

120 கிராம் ஈ.டி.ரி.ஏ. என்ற கணக்கும் மாரித் தண்ணீருக்குரியதுதான். லீற்றருக்கு 400 மில்லிகிராம் வன்மை (கல்சிய, மக்னீசிய உப்புகளின் அளவு) என்று எடுத்தால் 80 லீற்றரில் 32 கிராம். ஒரு கிராம் வன்மையைக் கட்டிப்போட 3.7 கிராம் ஈ.டி.ரி.ஏ. வேண்டும். அப்படி வந்ததுதான் 120. வன்மை இரண்டு மடங்கானால் ஈ.டி.ரி.ஏ.யும் இரண்டு மடங்காக வேண்டும். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு எத்தனை நாளில் ஏறுகிறது என்று பார்த்தாலே ஒரு மட்டுக்கு விளங்கும். இதையும் நான் சொல்லவில்லை.

2.5 கிலோ உப்பும் போன பிறகு திரவம் தடிக்கவில்லை, தண்ணியாய் நின்றது. உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிட்டது. தாளில் என்ன எழுதியிருக்கிறது? நீர்த்தால் உப்புச் சேர்க்கவும். அக்கா சேர்த்தார். இன்னும் நீர்த்தது. இன்னும் சேர்த்தார். ஒரு கிலோ உள்ளே போய், பால் மாதிரிக் கலங்கின பிறகுதான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, நீங்கள் சொன்ன மாதிரித்தான் செய்தனான்" என்பதுதான் முதல் வார்த்தை. கோபம் இல்லை. தான் எங்கேயோ பிழை விட்டுவிட்டேனோ என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது. நான் கேட்டது: "அக்கா, உப்பு எவ்வளவு போட்டனீங்கள்?" பிழை அவருடையது என்பது போல. அந்தக் கேள்வியையும் திரும்ப எடுக்க முடியவில்லை.

கெட்ட திரவத்தை மீட்க ஒரு வழி உண்டு. உப்புச் சேர்க்காத புதுத் திரவம் செய்து, கெட்டதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உப்பின் வீதத்தை இறக்குவது. வெறுந்தண்ணீர் விட்டால் உப்போடு சேர்ந்து சரக்கின் வீதமும் இறங்கும், தடிப்புத் திரும்பாது. 100 லீற்றரை மீட்க இன்னொரு 100 லீற்றருக்குக் கிட்டச் சாமான் வேண்டும். அதற்குக் காசு இருக்கவில்லை. நிலம் கழுவ, மலசலகூடம் கழுவ என்று கலனில் அடைத்து விலையைக் குறைத்து விற்கச் சொன்னேன். பாதி விற்றது.

அந்தக் கெட்ட திரவத்திலும் சரக்கு 8 வீதம்தான். படிவாக இறங்கிய கொஞ்சத்தைத் தள்ளினால், மார்கழியில் தடிப்பாய் விற்ற போத்தலுக்கும் இதற்கும் கழுவுவதில் பெரிய வேறுபாடு இராது. தடிப்பாய் இருந்தபோது ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. நீர்த்தபோது ஒருவரும் தொடவில்லை. அக்காவின் கேள்விக்கு இதை நான் பதிலாக எடுப்பதா, பதில் இல்லாமைக்கு இன்னொரு சாட்சியாக எடுப்பதா?

இந்த மண்ணில் உப்பு விளங்காத பொருள் இல்லை. ஆனையிறவில் உப்பு விளைந்தது, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் அந்த உப்பையே மின்பகுத்துக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். 58.5 கிலோ உப்பிலிருந்து 40 கிலோ கோஸ்டிக் என்பது பாடசாலைக் கணக்கு. இன்று அந்தக் கோஸ்டிக் கொழும்பிலிருந்து 25 கிலோப் பையில் வருகிறது. அந்த நாளில் பரந்தனில் வேலை செய்தவர்கள் உப்பைக் கழுவி, கல்சியத்தையும் மக்னீசியத்தையும் நீக்கித்தான் மின்கலத்துக்குள் விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் மின்பகுப்புச் சீராக நடவாது. நான் சந்தையில் வாங்கின கல்லுப்பை அப்படியே கரைத்து ஊற்றச் சொன்னேன்.

இப்போது நான் கொடுக்கிற தாளில் உப்புக்கு அளவு இல்லை. அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கோடு. ஒவ்வொரு தரமும் பரலில் உப்பு விடமுன் ஆறு கண்ணாடிக் குவளைகளில் அரை லீற்றர் அரை லீற்றராக எடுத்து, முறையே 2.5, 5, 7.5, 10, 12.5, 15 கிராம் உப்பை விட வேண்டும். உப்பைக் கட்டியாய்ப் போடாமல், ஒரு கிலோ உப்புக்கு 4 லீற்றர் தண்ணீர் என்று கரைத்து வடித்து அளந்து விட வேண்டும். மெதுவாகக் கலக்கி ஒரு மணித்தியாலம் வைத்து, ஆறையும் ஒரே நேரத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். எது கடைசியாய் விழுகிறதோ அது உச்சி. பரலுக்கு அந்தக் குவளைக்கு முந்தின குவளையின் கணக்கைப் போட வேண்டும், உச்சியில் நிறுத்தக் கூடாது. காலைக் குளிரில் தேனாய் இருப்பது மத்தியான வெயிலில் கடை மேசையில் தண்ணியாகும் என்பதையும் மறக்கக் கூடாது. மத்தியானத்தில் சாய்த்துப் பார்ப்பதுதான் சரி. முடிந்தவர்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துச் செய்யலாம். அதற்கு ஈ.டி.ரி.ஏ. மிகக் கொஞ்சம் போதும்.

இவ்வளவையும் அக்காவிடம் போய்ச் செய்து காட்டினேன். குவளைகளை அவரே வரிசையாக வைத்தார். நாலாவது குவளையில் உச்சி, ஐந்தாவதில் இளகல், ஆறாவதில் கலங்கல். மறுபக்கம் இறங்குவதை அவர் கண்ணால் பார்த்தார். "இதை முதலே காட்டியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

போகமுன் லேபலைப் பற்றிக் கதைத்தேன். போத்தலில் சரக்கு எத்தனை வீதம் என்று அச்சடித்தால் என்ன என்றேன். அப்படி எழுதினால் உப்புக் கேள்விக்கே இடமிராது என்று நினைத்தேன். அக்கா துடுப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எழுதுவம் தம்பி. ஆனா 8 எண்டு எழுதிப்போட்டு, பக்கத்தில ஒண்டும் எழுதாத போத்தல் தடிப்பா நிக்கேக்க, என்ரைய ஆர் வாங்கிறது?"

14 வீதத்துக்குத் திரும்பினால் விலை கூடும் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும். அந்த முறை அச்சடித்த லேபலில் பெயரும் திகதியும் 500 மில்லி லீற்றர் என்ற அளவும் மட்டும் இருந்தன.