பழைய காருக்குப் புதிய கியர் குமிழ்: மூன்று வார இறுதிகள்

என் காருக்கு 22 வயது. எஞ்சினில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஓட்டிவிட்டு இறங்கும்போதெல்லாம் உள்ளங்கையில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வரும். கியர் லீவரின் தலையில் இருக்கும் குமிழின் ரப்பர்ப் பூச்சுதான் அது. வெயிலும் ஈரக்காற்றும் கைவியர்வையும் பல ஆண்டுகள் பட்டால் இந்த வகைப் பூச்சு சிதைந்து பிசுபிசுத்துப்போகும். சோப்பு நீரில் துடைத்துப் பார்த்தேன். பூச்சு துணியோடு உரிந்து வந்தது, பிசுக்கு மட்டும் அப்படியே இருந்தது.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. குமிழ் சுழலத் தொடங்கியிருந்தது. அதன் மேல் பொறித்த கியர் வரைபடத்தில் முன்னால் இருக்க வேண்டிய 1 என்ற எண் ஒரு நாள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வரைபடம் தேவையில்லை. ஆனால் வண்டியை வேறொருவர் எடுத்தால், ரிவர்ஸ் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் வார இறுதி, கழற்றும் வேலை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, லீவரை நியூட்ரலில் வைத்தேன். குமிழை இடப்புறமாகத் திருகினேன். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வரவில்லை. சில கார்களில் குமிழ் திருகி மாட்டப்படாமல் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். அதுவாக இருக்குமோ என்று மேல்நோக்கி இழுத்துப் பார்த்தேன். அசையாததால் பலத்தைக் கூட்டாமல் விட்டுவிட்டேன். அப்படி இழுப்பவர்கள் முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று விடுபடும் குமிழ் நேராக மூக்குக்குத்தான் வரும்.

கடைசியில் ரம்பத் தகட்டை எடுத்தேன். குமிழின் இரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக அறுத்து, பிளவில் தட்டைத் திருப்புளியை நுழைத்து ஒரு முறுக்கு முறுக்கியதும் நிலக்கடலை ஓடு போல இரண்டாகப் பிளந்தது. உள்ளே விரல்நுனி அளவில் ஒரு பித்தளை உருளை, துருவோடு துருவாக லீவரைப் பிடித்தபடி இருந்தது. மரை, அதாவது திருகி மாட்டுவதற்கான சுருள் பள்ளம், இருப்பது அந்த உருளையில்தான். பிளாஸ்டிக் அதைச் சுற்றி வார்க்கப்பட்டிருந்தது. பிடிமானத்துக்காக உருளையின் வெளிப்புறத்தில் சொரசொரப்பான வரிகள் வெட்டியிருந்தார்கள். அந்த வரிகளுக்குள் புகுந்திருந்த பிளாஸ்டிக் முழுதும் தேய்ந்து மாவாகியிருந்தது. வெளி ஓடு மட்டும் சுழன்றதன் காரணம் அப்போது விளங்கியது. ஓர் இரவு எண்ணெயில் ஊறவிட்டு, மறுநாள் குறட்டால் பிடித்து உருளையைக் கழற்றினேன். திருகும்போது மறு கையால் லீவரின் தண்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் முறுக்கு விசை முழுவதும் கீழே உள்ள இணைப்புகளில் இறங்கிவிடும்.

இரண்டாம் வார இறுதியில் பெரும்பகுதி அளப்பதிலேயே போனது. ‘10 மி.மீ.’ என்று குறித்திருந்த ஒரு குமிழை முன்பே வாங்கி வைத்திருந்தேன். இரண்டு சுற்று எளிதாக ஏறியது, பிறகு இறுகி நின்றது. அந்த இடத்தில் பலம் போட்டிருந்தால் லீவரின் மரையையே கெடுத்திருப்பேன். லீவரின் மரையைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்துவிட்டு காலிப்பரை வைத்தேன். விட்டம் 9.8 மி.மீ.; அதாவது 10 மி.மீ. மரைதான். சிக்கல் மரையின் இடைவெளியில் இருந்தது. அடுத்தடுத்த பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்தேன். 12.5 மி.மீ. வந்தது. அப்படியானால் ஓர் இடைவெளி 1.25 மி.மீ. நான் வாங்கியிருந்ததோ 1.5 மி.மீ. இடைவெளி கொண்டது. கால் மில்லிமீட்டர் வேறுபாடு முதல் இரண்டு சுற்றில் தெரியாது, சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போய்த்தான் பிடிக்கும். ஆகவே குமிழ் வாங்கும் முன் விட்டம், இடைவெளி இரண்டையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மரைக்கும் பொருந்தும் என்று, பக்கவாட்டில் மூன்று சிறு திருகுகளால் இறுக்கும் அடாப்டர்களும் கிடைக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. ஓயாமல் அதிரும் லீவரில் அந்தச் சிறு திருகுகள் எத்தனை நாள் நிற்கும்? ரிவர்ஸுக்காகத் தூக்கும் வளையம் உள்ள லீவர் என்றால் அந்த வளையத்துக்கு இடம் விடும் குமிழாகப் பார்க்க வேண்டும். என் காரில் அது இல்லை.

மூன்றாம் வார இறுதியில் சரியான மரையுள்ள குமிழ் கையில் இருந்தது. உள்ளே அலுமினியம், மேலே தோல். வெறும் உலோகக் குமிழ் அழகுதான், ஆனால் வெயிலில் நிறுத்திய காரில் அதைத் தொட முடியாது. குமிழை அடிவரை இறுக்கியபோது வரைபடம் கோணலாக நின்றது. இதற்குத்தான் பூட்டு நட்டு. அதே 1.25 இடைவெளியுள்ள மெல்லிய நட்டை முதலில் லீவரில் இறக்கினேன். குமிழை அதன் மேல் திருகி, 1 என்ற எண் சரியான இடத்துக்கு வந்ததும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நட்டை ஸ்பேனரால் இடப்புறமாகத் திருப்பி மேலேற்றிக் குமிழின் அடியில் இறுக்கினேன். கால் சுற்று பின்வாங்கினாலும் உயரத்தில் 0.3 மி.மீ. தான் மாறும், கைக்குத் தெரியாது. மரைப் பசை போடவில்லை. சில வகைப் பிளாஸ்டிக்குகளில் அது பட்டால் விரிசல் விடும், லீவரைச் சுற்றியுள்ள மூடியெல்லாம் பிளாஸ்டிக். நட்டே போதுமானதாக இருக்கிறது.

பழைய குமிழின் துண்டுகளைச் சேர்த்து நிறுத்தேன்: 80 கிராம். புதியது 210 கிராம். இந்தக் கூடுதல் எடையை முதல் நாளே உணர்ந்தேன். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது லீவரைத் தள்ளத் தொடங்கினால் போதும், மீதித் தூரத்தைக் குமிழின் வேகமே கடத்திவிடுகிறது. கியர்பெட்டி அதே பழைய பெட்டிதான். கைக்குத் தெரியும் தடைதான் குறைந்திருக்கிறது. அந்தச் சுகத்தில் குமிழின் மேலேயே கையை வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். அந்த எடை உள்ளே கியர் மாற்றும் கவையைச் சுழலும் பாகத்தோடு உரசவைக்கும்.

பல்லிளித்த குமிழ் போனதும் இன்னொன்று வெளிப்பட்டது. நியூட்ரலில் லீவர் பக்கவாட்டில் ஆடும் ஆட்டம் துளியும் குறையவில்லை. இத்தனை நாளும் அதையும் குமிழின் கணக்கில்தான் எழுதியிருந்தேன். லீவரின் தோல் உறையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் லீவரைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ் (உருளை வடிவ உறை) ஒன்றில் நகம் நுழையும் அளவு இடைவெளி. அதன் விட்டத்தை அளந்து எழுதி வைத்திருக்கிறேன், இம்முறை வாங்குவதற்கு முன்பே.