கண்ணைக் கட்டி நடப்பது என்று ஏன்தான் எழுதினேனோ

ஒரு வழியாகப் போன வியாழக்கிழமை எங்கள் தற்காப்பு வகுப்பு நடந்து முடிந்தது. தொடை இரண்டும் இன்னும் வலிக்கிறது. வகுப்பு இரண்டு மணி நேரம்தான். அதற்கு அனுமதி வாங்க 38 நாள்.

இந்த வருடம் எங்கள் சொரோரிட்டி சாப்டரின், அதாவது கிளையின், ரிஸ்க் மேனேஜ்மெண்ட் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நிகழ்ச்சிகளில் யாருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை. தேர்தல் அன்று எனக்குக் காய்ச்சல், கூட்டத்துக்குப் போகவில்லை. வராதவளுக்கு எது மிச்சமோ அது கிடைத்தது. மதுரைக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னால், "அதென்னடி, மாதர் சங்கம் மாதிரியா?" என்றாள். கிட்டத்தட்ட அதுதான். கிரேக்க எழுத்தில் பெயர் வைத்த, கல்லூரிப் பெண்களின் மாதர் சங்கம். சொரோரிட்டி என்ற சொல்லே 1882இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு லத்தீன் பேராசிரியர் காமா ஃபை பீட்டா என்ற சங்கத்துப் பெண்களுக்காக எடுத்துக் கொடுத்தது. லத்தீனில் 'சொரோர்' என்றால் சகோதரி. அதுவரை பெண்கள் சங்கத்துக்கும் ஃப்ரட்டர்னிட்டி என்றே பெயர், அதாவது அண்ணன் தம்பிகள் கூட்டம்! நம் பக்கத்துப் பெண்களுக்கென்று தெற்காசிய சொரோரிட்டிகள் வந்தது ரொம்பப் பின்னால். 1998இல் டெக்சாஸில் மட்டும் ஒரே வருடத்தில் இரண்டு தொடங்கின. நானும் டெக்சாஸில்தான் படிக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தச் சாப்டர் என்பது இங்கே வேண்டாம்.

ஒவ்வொரு செமஸ்டரும் பாதுகாப்புக்கு ஒன்று, தலைமைப் பயிற்சிக்கு ஒன்று, சகோதரித்துவத்துக்கு ஒன்று என்று எங்கள் சாப்டர் நிகழ்ச்சிகள் நடத்திக் கணக்குக் காட்ட வேண்டும். ஒரே கல்லில் மூன்று மாங்காய் அடிக்கலாம் என்று நினைத்தேன். முதலில் தற்காப்பு வகுப்பு, நடுவில் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி, கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு விளையாட்டு. மூன்றுக்கும் ஒரே ஃபார்ம், ஒரே மாலை. யாராவது இதைச் செய்யலாம் என்று யோசித்தால் தயவுசெய்து வேண்டாம். மூன்றில் ஒன்றுக்கு ஆட்சேபம் வந்தாலும் மூன்றும் நிற்கும்.

நின்றது. செப்டம்பர் 8ஆம் தேதி பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஃபார்மை அனுப்பினேன். "நிகழ்ச்சி விவரம்" என்ற பெட்டியில் மூன்று வரி எழுதியிருந்தேன். மூன்றாவது வரி இது: "புது உறுப்பினர்கள் கண்ணைக் கட்டிக்கொள்ள, மூத்தவர்கள் கையைப் பிடித்து மைதானத்தைச் சுற்றி அழைத்துப் போவார்கள்." ஒருவரை ஒருவர் நம்பப் பழகும் விளையாட்டு. பள்ளியில் சாரணர் முகாமில் ஆடியிருக்கிறேன். எழுதும்போது எனக்கு அதில் ஒன்றுமே உறுத்தவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. நிகழ்ச்சி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, விசாரிக்கும் வரை புது உறுப்பினர்களுக்கான எல்லா நடவடிக்கைகளையும் நிறுத்துங்கள் என்று. எல்லாம் என்றால் எல்லாம். நூலகத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிப்பது உட்பட. எங்கள் தலைவி என்னைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. அமைதியாகப் பேசினாள். அதற்குக் கத்தியிருக்கலாம்.

நம் ஊரில் ராகிங் என்பதுதான் இங்கே ஹேசிங். நாவரசு கொலைக்குப் பிறகு 1997இல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்ததே, அதுபோல இங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் உண்டு. போதாததற்கு 2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமாக ஒரு சட்டம் கையெழுத்தானது. அதன்படி 2025 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஹேசிங் சம்பவங்களை எண்ணி வருடாந்தரப் பாதுகாப்பு அறிக்கையில் சேர்க்க வேண்டும். எந்தச் சங்கம் விதியை மீறியது என்று பெயரோடு இணையத்தில் போட வேண்டும். ஆகவே அலுவலகங்கள் எல்லாம் இந்த வருடம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கின்றன. கண்ணைக் கட்டுவது ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகத்தின் ஹேசிங் பட்டியலிலும் இருக்கிறது. நான் அந்தப் பட்டியலைப் படித்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஆகஸ்டில். படிக்கவில்லை.

விசாரணைக்குப் போனபோது சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். எதிரில் இருந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், மேசையில் கம்பளி நூலும் ஊசியும். குரலே உயர்த்தாமல் கேட்டார்.

"ஒரு பெண் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்?"

"ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் கட்டாயப்படுத்த மாட்டோம்."

"அது ஃபார்மில் எங்கே இருக்கிறது?"

இல்லை. எழுதவில்லை. எழுதிவிடுகிறேன் என்றேன். அவர் நூலை ஒதுக்கிவைத்துவிட்டு, "முப்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள் மாட்டேன் என்று சொல்வாளா?" என்றார். டெக்சாஸ் சட்டத்தில் 'அவள் சம்மதித்துத்தான் செய்தாள்' என்பது வாதமாகவே நிற்காதாம். போன வருடம் நான் புது உறுப்பினராக இருந்தபோது இதையே செய்யச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேனா? மாட்டேன். அதாவது, சொல்லியிருக்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றே எங்கள் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஃபார்ம் முதலிலிருந்து. அனுமதிக்கான 15 வேலை நாள் கணக்கும் முதலிலிருந்து.

எனக்கு வாய்த்த பிக், அதாவது என்னைப் பார்த்துக்கொள்ளும் சீனியர், நியூஜெர்சியில் வளர்ந்த தமிழ்ப் பெண். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளிடம் புலம்பினேன். "கட்டினாத்தானே பிரச்சினை? கண்ணைத் திறந்துக்கிட்டே நடக்க வை. ராத்திரியில, ஜிம்லேர்ந்து பார்க்கிங் வரைக்கும்" என்றாள். எந்த விளக்கு எரியவில்லை, எந்த அவசர போன் வேலை செய்யவில்லை என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வருவது. வளாகத்தில் பாதுகாப்பு நடை என்று இதற்குப் பெயரே இருக்கிறது, வருடத்துக்கு ஒரு தடவை நிர்வாகமே நடத்தும். மறுபடி ஃபார்ம் போட்டேன். இந்தத் தடவை மூன்று நிகழ்ச்சிக்கு மூன்று ஃபார்ம்.

ஹேசிங் விவகாரத்தில் தப்பு என் பக்கம் என்று ஒத்துக்கொள்கிறேன். காப்பீட்டு விவகாரத்தில் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

உடல் உழைப்புள்ள நிகழ்ச்சி என்றால் காப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும், அதில் பல்கலைக்கழகத்தையும் காப்பீடு பெற்றவராகச் சேர்த்திருக்க வேண்டும். எங்கள் தலைமையகத்தில் கேட்டு வாங்கி, அச்செடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெயர் தப்பு" என்று திருப்பித் தள்ளினார். பல்கலைக்கழகத்தை எல்லோரும் அழைக்கும் பெயர் சட்டப்படியான பெயர் இல்லையாம். அதை நிர்வகிக்கும் ரீஜெண்ட்ஸ் வாரியத்தின் பெயரில் இருக்க வேண்டுமாம். சரி. மறுபடி தலைமையகத்துக்கு மின்னஞ்சல், அவர்கள் காப்பீட்டு முகவருக்கு, மூன்று நாள். கொண்டுபோனேன். "முகவரி தப்பு." முதல் தடவையே இது உங்கள் கண்ணில் படவில்லையா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். மறுபடி மூன்று நாள். மூன்றாம் தடவை போனால் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, கதவில் சாப்பாட்டு இடைவேளை அட்டை. உள்ளே அவர் சாண்ட்விச் சாப்பிடுவது கண்ணாடி வழியே தெரிகிறது. ஒரு மணிக்கு எனக்குக் கெமிஸ்ட்ரி லேப். மறுநாள் போனபோது சான்றிதழை இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்தார், இன்னொரு தப்பு கிடைக்காத ஏமாற்றத்தோடு முத்திரை குத்தினார். அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்து ரிங்டோனாக வைத்திருக்கலாம்.

இதைப் படிப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். முதல் நாளே அதே அலுவலகத்தில், போன மாதம் ஒப்புக்கொண்ட ஏதாவது ஒரு சான்றிதழின் மாதிரியைக் கேட்டு வாங்கி, அதை அப்படியே தலைமையகத்துக்கு அனுப்பிவிடுங்கள். மாதிரி இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள். எனக்கு இது எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு சாப்டர் பெண் சொல்லித்தான் தெரிந்தது.

பயிற்சியாளர் விஷயத்தில் ஒரு நடை வீண். ராட் என்று ஒரு பெண்கள் தற்காப்புப் பயிற்சி பல வளாகங்களில் பிரபலம். எங்கள் வளாகக் காவலர்களே சொல்லித் தருகிறார்கள். ஒரு மாலையில் முடித்துவிடலாமா என்று கேட்கப் போனேன். அடிப்படைப் பயிற்சியே ஏறத்தாழ 12 மணி நேரம், ஒரு மாலையில் எல்லாம் முடியாது என்று சிரித்தார் அந்தப் பெண் காவலர். ஆனால் அறிமுகமாக இரண்டு மணி நேரம் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். தரைவிரிப்பும் அவர்களே கொண்டுவந்தார்கள். அறை பதிவு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கிய இரவுக்கு மறுநாள், புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருத்திக்கு 17 வயதுதான் என்று தெரிந்தது. பதினெட்டு ஆகாவிட்டால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அவர்களோ விஜயவாடாவில். இணையத்தில் கையெழுத்துப் போட அனுப்பும் இணைப்பு 24 மணி நேரத்தில் காலாவதியாகும். இங்கே மாலை அனுப்பினால் அங்கே விடிகாலை, அப்பா பார்ப்பதற்குள் ஏதாவது வேலை வந்துவிடும், மறுநாள் இணைப்பு செத்துப்போயிருக்கும். இப்படியே இரண்டு தடவை. மூன்றாம் தடவை அவரே என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"அம்மா, ஃபார்மில் காயம், மரணம் என்றெல்லாம் போட்டிருக்கிறதே. இது ராகிங் இல்லையே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இல்லை அங்கிள், போலீஸ்காரம்மா வந்து சொல்லித் தருகிறார்" என்றேன். அவர் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வைப்பதற்கு முன், "நன்றாக அடிக்கச் சொல்லிக் கொடுங்கள்" என்றார்.

அடியைவிட முதலில் சொல்லிக் கொடுத்தது கத்துவது. கால் ஊன்றி நின்று, கையை முன்னால் நீட்டி, "நோ" என்று வயிற்றிலிருந்து கத்த வேண்டும். 41 பேர் சேர்ந்து கத்தினோம், கோயிலில் முணுமுணுப்பது மாதிரி இருந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காவலர் ஒவ்வொருத்தியாகக் கத்தச் சொன்னார். விஜயவாடாப் பெண்ணின் முறை வந்தபோது அவள் காலை அகட்டி, கண்ணை மூடிக்கொண்டு கத்திய கத்தலில் பக்கத்து அறையில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். "கண்ணைத் திறந்து கத்து" என்றார் காவலர். மறுபடி கத்தினாள். அதற்குப் பிறகு ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.

பொறுப்பாளர் பயிற்சியை முந்தைய வாரமே தனியாக முடித்துவிட்டோம். அதில் உருப்படியாக ஒன்று: பார்ட்டியில் ஒருத்தி குடித்து மயங்கினால் யார் 911 கூப்பிடுவது, யார் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் இருப்பது, யார் வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுவது என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொண்டோம். 21 வயது ஆகாதவர்கள் குடிப்பது இங்கே சட்டப்படி குற்றம், தாங்களும் குடித்திருப்பதால் கூப்பிடப் பயப்படுகிறார்கள். முதலில் கூப்பிட்டு, கூடவே இருந்து, வருபவர்களுக்கு ஒத்துழைத்தால் குடித்ததற்காக வழக்கு இல்லை என்று டெக்சாஸில் சட்டமே இருக்கிறது. பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. எனக்கும் ஆகஸ்ட் வரை தெரியாது.

வெளிச் சாப்பாடு ஜிம்முக்குள் கூடாது என்பதால் சமோசாவைப் பார்க்கிங்கில் கார் பானட் மேல் வைத்துச் சாப்பிட்டோம். அப்புறம் எட்டரை மணிக்கு இரண்டிரண்டு பேராக நடந்தோம். பல்கலைக்கழகங்கள் வருடாந்தரப் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும் என்ற சட்டத்துக்கு மூலமான ஜீன் க்ளெரி என்ற பத்தொன்பது வயதுப் பெண் 1986இல் லீஹை பல்கலைக்கழகத்தில் தன் விடுதி அறையிலேயே கொல்லப்பட்டாள். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ அடைபடாமல் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள், கொலைகாரன் அந்த வழியாக வந்தான். அதனால் கதவுகளையும் பார்க்கச் சொல்லியிருந்தேன். எங்கள் வழியில் ஒரு விடுதியின் பின்கதவு பீட்சா டப்பா செருகித் திறந்து கிடந்தது. விஜயவாடாப் பெண் ஒன்றும் பேசாமல் அதை உருவிக் குப்பையில் போட்டாள். பார்க்கிங் போகும் பாதையில் மூன்று விளக்கு எரியவில்லை.

விளக்குக்குப் புகார் கொடுக்கும் ஃபார்ம் நான்கு நிமிடம்தான். சான்றிதழ், கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. நேற்று ராத்திரி போய்ப் பார்த்தேன். இரண்டு எரிகிறது. மூன்றாவதுக்கு இன்று மறுபடி எழுதிப் போட்டிருக்கிறேன், கம்பத்து எண்ணோடு.