சோடியம் 112

ஸ்கேனில் சிறுநீரகக் கல் என்று வந்ததும், "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்றார் டாக்டர். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மா விடிந்தது முதல் செம்பு செம்பாகக் குடித்தார். பின்னால் கணக்குப் பார்த்தபோது நாளொன்றுக்கு ஆறு லிட்டருக்கு மேல். ரத்த அழுத்தத்துக்குப் பயந்து கஞ்சியில் உப்பும் போடுவதில்லை.

பத்தாம் நாள் தலைவலி, குமட்டல். மறுநாள் காலை என்னைச் செத்துப்போன சித்தியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திருவட்டாறு பக்கம் எங்கள் வீடு. அருகிலிருந்த கிளினிக்கில், சித்திரை வெயில் தாக்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் தண்ணீர் கொடுக்கவும் சொன்னார்கள். ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அன்று பகல் முழுக்க நானே கரண்டியால் புகட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. மாலையில் வலிப்பு வந்தது.

தக்கலை வழியாக நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அங்கே ஒரு மணி நேரத்தில் ரத்த முடிவு கிடைத்தது. சோடியம், அதாவது ரத்தத்திலுள்ள உப்புச் சத்து, 112. குறைந்தது 135 இருக்க வேண்டும். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் மூளைச் செல்களுக்குள் தண்ணீர் புகுந்து மூளை வீங்கும், வலிப்பு அதனால்தான் என்றார்கள்.

"என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?"

"பிரஷருக்கு, சின்ன வெள்ளை மாத்திரை." அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. சீட்டு வீட்டு அலமாரியில் கிடந்தது. அண்ணன் பைக்கில் போய் எடுத்து வந்த உறை ஸ்கேன் உறை! போன வேலை வீண். கடைசியில் பக்கத்து வீட்டு மயினிக்குப் போன் செய்தேன். மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். ஹைட்ரோகுளோரோதயசைடு. சிறுநீரில் உப்பை வெளியேற்றும் மாத்திரை. சேர்ந்த தண்ணீரைச் சிறுநீரகம் கழித்துவிடாமலும் அது தடுக்குமாம். உடனே நிறுத்தினார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மாத்திரை அட்டைகளை இன்றே படம் எடுத்து வையுங்கள்.

வலிப்பை அடக்க அடர்த்தியான உப்புநீரைக் கொஞ்சமாக ஏற்றினார்கள். மறுநாள் 118தான். ஏன் இவ்வளவு மெதுவாக என்று நர்ஸிடம் சத்தம் போட்டேன். ஒரே நாளில் மளமளவென்று ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்து கைகால் விழுந்துவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

பிறகு நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். "மக்களே, ஒரு வாய்" என்று அம்மா கெஞ்சியபோது மறுப்பதுதான் இந்த ஆறு நாளில் மிகக் கடினமான வேலை. நாக்கை நனைக்க ஈரப்பஞ்சு கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கொடுப்பார்கள்.

ஆறாம் நாள் 134. டிஸ்சார்ஜ் தாளோடு ஓர் அச்சடித்த உணவுச் சீட்டும் வந்தது. கல் உள்ள எல்லோருக்கும் ஒரே சீட்டு: 'தண்ணீர் அதிகம் குடிக்கவும்.' நான் நகரவில்லை. டாக்டர் வரும்வரை முக்கால் மணி நேரம் நின்றேன். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, 'நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர், அடுத்த சோடியம் பரிசோதனை வரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டு இப்போது எங்கள் அடுக்களைச் சுவரில், தண்ணீர்ப் பானைக்கு மேலே ஒட்டியிருக்கிறது.