புள்ளிகளுக்குப் பெயர் வைக்கும் வேலை

சாதாரண பிரவுசரில் திறக்காத மறைவு இணையமான டார்க்நெட்டில் நடக்கும் சந்தைகளில் புழங்கும் கிரிப்டோ பணத்தை ஆராய்கிறேன் என்றால், பூட்டிக் கிடக்கும் எதையோ உடைத்துத் திறப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பிட்காயினில் அப்படிப் பூட்டு எதுவும் கிடையாது. 2009 ஜனவரியில் தொடங்கி நடந்த ஒவ்வொரு பரிவர்த்தனையும் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் அப்படியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளலாம். எங்கிருந்து எங்கே போனது, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் தெரியும். யார் என்பது மட்டும் தெரியாது. எனக்குச் சம்பளம் கொடுப்பது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

பிட்காயினை அனுப்புவதும் பெறுவதும் கணக்கு எண் போன்ற முகவரிகள் வழியாகத்தான். ஒரே ஆளிடம் ஏராளமான முகவரிகள் இருக்கும். அவற்றை ஒன்று சேர்ப்பதைக் கிளஸ்டரிங் என்போம். ஒரு பரிவர்த்தனையில் மூன்று முகவரிகளின் காசு சேர்ந்து செலவானால், மூன்றின் சாவியும், அதாவது செலவழிக்கத் தேவையான ரகசிய எண்ணும், ஒருவரிடமே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கசிவு தவிர்க்க முடியாதது என்று பிட்காயினை அறிமுகப்படுத்திய 2008ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறது. அடையாளம் தெரியாது என்று நம்பிக் கடை போட்டவர்கள் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை போலும்.

அப்புறம் மீதிப் பணம். பெரிய நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்குவதுபோல, முகவரிகளை நிர்வகிக்கும் மென்பொருளான வாலட் மீதியைத் தனக்கே சொந்தமான ஒரு புது முகவரிக்கு அனுப்பிக்கொள்ளும். ஆக, சாதாரணப் பரிவர்த்தனையில் பணம் இரண்டு இடத்துக்குப் போகும். ஒன்று 0.05, மற்றது 0.01873406 என்று வைத்துக்கொள்வோம். முழுசாக இருப்பது கொடுத்த விலை, வால் நீண்டது மீதி என்று கை தானாகக் குறித்துவிடும். ஆனால் விற்றவர் விலையை டாலரில் போட்டிருந்தால்? அந்த நேரத்து மாற்று விகிதத்தில் இரண்டையும் பெருக்கிப் பார்க்கையில், வால் நீண்ட எண்ணே சரியாக 80 டாலராக வந்து நிற்கும். கணக்கு தலைகீழாகிவிடும். முகவரியின் தொடக்கமும் ஒரு துப்பு. செலவழித்தவை எல்லாம் பிசி1 (bc1) என்று தொடங்கி, வாங்கியவற்றில் ஒன்று மட்டும் 1 என்று தொடங்கினால், பிசி1 முகவரிதான் மீதியாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பு, அவ்வளவுதான்.

இந்த ஊகம் ஓரிடத்தில் பிசகினால், சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் ஒரே ஆளாகிவிடுவார்கள். 2013இல் கணினி ஆய்வாளர் சாரா மைக்கிள்ஜான் குழுவினர் இந்த முறையைச் சோதித்தபோது, பிட்காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சான மவுண்ட் காக்ஸும் கள்ளச்சந்தையான சில்க் ரோடும் ஒரே ராட்சதக் கிளஸ்டரில் போய் ஒட்டிக்கொண்டன. விதிகளை இறுக்கிய பிறகுதான் பிரிந்தன. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அல்காரிதம் இல்லை. அவர்களே பல சேவைகளில் பணம் போட்டு, எடுத்து, பொருள் வாங்கிப் பார்த்தார்கள், 344 பரிவர்த்தனைகள். முகவரிக்குப் பெயர் பிளாக்செயினுக்கு வெளியிலிருந்துதான் வரும். சோதனைக் கொள்முதல், நீதிமன்ற ஆவணம், பறிமுதலான சர்வர் என்று ஏதாவது ஒன்று வேண்டும்.

புதிதாகச் சேருபவர்கள் முதலில் முகவரிகளைப் புள்ளிகளாகவும் பணம் போன வழியை அம்புகளாகவும் வைத்து வலைப்பின்னல் படம் வரைகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வாங்கியவரிடமிருந்து விற்றவருக்கு ஓர் அம்பு போடச் சொன்னால்தான் சிக்கல். சில்க் ரோடு மாதிரியான சந்தைகளில் எல்லோரும் போட்ட பணமும் சந்தையின் பொது வாலட்டில் கலந்துவிடும். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது சந்தையின் சொந்த சர்வரில் எழுதும் கணக்கு. பிளாக்செயினில் தெரிவது சந்தைக்குள் போன பணமும் சந்தையிலிருந்து வந்த பணமும்தான். நடுவே அம்பு அறுந்துவிடுகிறது. அளவையும் நேரத்தையும் பொருத்திப் பார்த்து அதை ஒட்டவைக்கும் கட்டுரைகளைக் கொஞ்சம் சந்தேகத்துடனே படிக்கிறேன்.

2017 ஜூலையில் ஆல்ஃபாபே என்ற பெரிய டார்க்நெட் சந்தை மூடப்பட்டது. அங்கிருந்தவர்கள் ஹான்சா சந்தைக்குக் கூட்டமாக ஓடினார்கள். ஒரு சந்தை போனால் கூட்டம் அடுத்ததற்கு நகரும் என்பது இந்தத் துறையில் பழைய செய்தி. பணவரவை மட்டும் வைத்து வரைந்தால், போட்டியாளர் போனதில் ஹான்சா செழிக்கிறது என்றுதான் படிப்போம். ஆனால் ஜூன் மாதத்திலிருந்தே ஹான்சாவை நடத்திக்கொண்டிருந்தது நெதர்லாந்து போலீஸ். ஏறக்குறைய ஒரு மாதம் உள்ளே இருந்து எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டுத்தான் மூடினார்கள். கடை அதே கடை, கல்லாவில் உட்கார்ந்த ஆள் மட்டும் வேறு. அதை எந்தப் பரிவர்த்தனையும் சொல்லாது.

பலருடைய காசைக் கலந்து தடயத்தை மறைக்கும் மிக்ஸர் சேவையான பிட்காயின் ஃபாக் வழக்கில், கிளஸ்டரிங் முறையின் பிழை விகிதம் என்ன என்று எதிர்த்தரப்பு கேட்டது. அமெரிக்க நீதிமன்றம் அந்தச் சான்றை ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச்சில் தீர்ப்பு குற்றவாளி என்றே வந்தது. இருந்தாலும் கேள்வி நியாயமானது. எங்கள் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில், எவ்வளவு உறுதி என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. நிரப்புவது சலிப்பூட்டும் வேலை, அதனால்தான் பாதி காலியாகவே வருகிறது. நான் திருப்பி அனுப்புகிறேன்.

இப்போது சில சந்தைகள் மொனேரோ என்ற வேறொரு கிரிப்டோ காசை மட்டுமே வாங்குகின்றன. அதில் அனுப்புபவர், பெறுபவர், தொகை மூன்றும் மறைந்திருக்கும். பிட்காயினில் பார்த்துப் பழகிய மாதிரி முகவரிகளைச் சேர்த்துக் கட்ட வழியில்லை. ஆக, என் படத்தில் ஒரு சந்தை சுருங்குவதாகத் தெரிந்தால், வியாபாரம் குறைந்ததா, காசு மாறியதா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. சமீபத்தில் ஓர் அறிக்கை வரைவில் "சந்தை சரிந்தது" என்று இருந்தது. "பிட்காயினில் தெரியும் வரவு குறைந்தது" என்று மாற்றச் சொன்னேன். தலைப்புக்கு எடுப்பாக இல்லையே என்று எழுதியவருக்கு வருத்தம். மாற்றித்தான் அனுப்பினோம்.